ஸகார் வாங்கிய கரடித் துப்பாக்கி

ஸகார் லாரியோனாஃப் வழியில் யாரையாவது கண்டால் முகத்தைப் பார்க்கமாட்டான். தோளில் என்ன தொங்குகிறது, இடுப்பில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பான். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவான். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கோடியாக் தீவில் எங்கள் குடாவில் இருக்கிறவர்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் நடப்பார்கள். நாம் மீனுக்கு ஆற்றுக்குப் போனால் கரடியும் அதே மீனுக்கு வருகிறது. பழம் பறிக்க மேட்டுக்குப் போனால் அதே பழத்துக்கு வருகிறது. பெரும்பாலும் அது நம்மைக் கண்டு விலகிப் போய்விடும். விலகாத ஒரு நாளுக்காகத்தான் துப்பாக்கி. அந்த ஒரு நாள் பலருக்கு ஆயுசு முழுக்க வருவதே இல்லை, கடவுளுக்கு நன்றி. ஸகாருக்கும் ஐம்பதை நெருங்கும்வரை வரவில்லை. ஆனால் பத்துத் தடவை வந்து போனவன் மாதிரிதான் பேசுவான்.

அவன் பேச்செல்லாம் பான்யாவில்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆண்கள் அந்த ஆவிக்குளியல் மரக்குடிலுக்குள் உட்கார்ந்து, காய்ந்த கல்மேல் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வேர்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். உடம்பில் ஒட்டுத்துணி இருக்காது. அந்தக் கோலத்திலும் ஸகார் அடுத்தவன் துப்பாக்கியைத்தான் ஏளனம் செய்வான்.

"மிளகாய் ஸ்ப்ரே வாங்கியிருக்கியாமே?" என்று ஒரு தடவை தன் ஒன்றுவிட்ட தம்பி மாக்ஸிமைக் கேட்டான்.

"ஆமாண்ணே. பழம் பறிக்கப் போறப்ப பொம்பளைங்க கையில இருக்கட்டும்னு."

"நல்லது. கரடி உன்னைத் திங்குறதுக்கு முன்னாடி உம்மேல நீயே காரம் தூவிக்கலாம். சப்புன்னு இருந்தா அதுக்குப் புடிக்காதுல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மாக்ஸிமும் சிரித்தான். அவன் அப்படித்தான், தன்னைக் குத்துகிற பேச்சுக்கும் சிரித்துவிடுவான்.

பதினைந்து குண்டு போடுகிற பிஸ்டல் ஸகாருக்குக் கொசு. கைப்பிடியைக் கீழே இழுத்துச் சுடுகிற ரைஃபிள் சினிமாக்காரன் சாமான். பன்னிரண்டு போர் வேட்டைத் துப்பாக்கி என்றால் அவனுக்கு இன்னும் இளக்காரம். "அது வாத்து அடிக்கிற குழாய்டா. அதுல பெரிய குண்டு போட்டா கரடித் துப்பாக்கி ஆயிடுமா? எங்க வீட்டு வாளியில மோட்டார் மாட்டினா கப்பல் ஆயிடுமா?"

"அப்ப நீ என்னதான் வெச்சிருக்கே?" என்று யாராவது கேட்டால் அவன் குரல் தணிந்துவிடும்.

"எங்கப்பா ரைஃபிள்."

அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். அது ஸகாருக்குக் கொடுத்த மரியாதை இல்லை. யாக்கோவ் லாரியோனாஃபுக்குக் கொடுத்த மரியாதை.

யாக்கோவின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பழைய ஊர் குடாவின் எதிர்க்கரையில் இருந்தது. பெரிய அலை வந்த வருஷம் வீடுகளையும் கோயிலையும் கடல் எடுத்துக்கொண்டு போயிற்று. மேட்டில் இருந்த கல்லறைகளை மட்டும் விட்டுவைத்தது. பிழைத்தவர்கள் இந்தக் கரைக்கு வந்து புதிதாகக் கட்டிக்கொண்டோம். ஆனாலும் வருஷத்தில் ஒரு நாள், கோடையில் முதல் மீன் ஏறின பிறகு, எல்லாரும் படகேறி எதிர்க்கரைக்குப் போவோம். ஆள் உயரம் வளர்ந்து நிற்கிற புஷ்கிச் செடிகளை வெட்டுவோம். சிலுவைகளுக்கு வெள்ளை அடிப்போம். செத்தவர்களுக்காக ஜெபம் சொல்லி, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். அதற்குக் கல்லறை நாள் என்று பெயர்.

இப்போது அங்கே மனுஷர் இல்லை, கரடிதான் குடியிருக்கிறது. மேட்டின் அடிவாரத்திலேயே மீன் ஏறுகிற ஓடை. ஆகையால் அன்றைக்கு ஒருவர் காவலுக்கு நிற்கவேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் காவல் யாக்கோவுடையது. அவர் ஓடைப் பக்கம் போய் நிற்பார். காவல் நிற்கிறவன் சாப்பிடக்கூடாது, பேச்சுக் கொடுக்கக்கூடாது, கடைசி ஆள் படகில் ஏறும்வரை கையில் துப்பாக்கி தவிர வேறொன்றும் வைத்திருக்கக்கூடாது. இது அவர் யாருக்கும் சொல்லிக்கொடுத்த சட்டம் இல்லை. அவர் அப்படி நின்றார், நாங்கள் பார்த்தோம். பட்டாளத்தில் கழித்துப் போட்ட பழைய ரைஃபிள் அவருடையது. கல்லறை நாளில் அது ஒரு தடவைகூட வெடித்ததில்லை. கரடி தலையை நீட்டினால் அவர் அதனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லுவார், அது போய்விடும்.

அவரையும் அவர் கேட்டுக்கொண்டபடியே அந்த மேட்டில் புதைத்தோம். காவல் மகனுக்கு வந்தது.

ஸகாரின் காவலைப் பற்றிச் சொல்ல வாய் கூசுகிறது. ஓடைப் பக்கம் குளிராக இருக்கிறதென்று சாப்பாட்டுக் கூடைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். தேநீர் வரும், புகைபோட்ட மீன் வரும், பெண்கள் நடுவில் அவன் கதை நடக்கும். கரடி வராத வருஷமெல்லாம் அவனால்தான் வரவில்லை என்று கணக்கு. "என் வாசம் அதுங்களுக்குத் தெரியும்" என்பான். அந்த வாசம் ஊருக்கே தெரியும். வாரத்துக்கு ஒருமுறை பான்யா இருக்கிறதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

அவன் கரடியைச் சுட்டதே இல்லையா என்றால், சுட்டான், ஒரு தடவை. ஊர்க் குப்பைக் குழியில் ஒரு கரடி தகர டப்பாக்களைக் கிளறிக்கொண்டு இருந்தது. ஸகார் குறி வைத்தான், சுட்டான். கரடி நிமிர்ந்து பார்த்துவிட்டு நடந்து போயிற்று. "குட்டி வெச்சிருக்கும்னு தோணுச்சு, பாவம்னு விட்டுட்டேன்" என்று சொன்னான். குழியில் கிடந்த பழைய சலவை இயந்திரத்தில் விழுந்த ஓட்டையை எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதுவும் குட்டி வைத்திருந்ததோ என்னவோ.

மற்றபடி அவன் கெட்டவன் இல்லை. கோடையில் மீன் ஆலையில் வேலை, குளிர்காலத்தில் ஊர் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலை. குடித்துவிட்டு வந்து மனைவி அக்கெலினாவை அடித்தான் என்று யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவான். ஆனால் அந்தக் காவல் ஒன்றுதான் அவனுக்கு இருந்த உயரம். அதை எடுத்துவிட்டால் ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுகிற ஓர் ஆள், அவ்வளவுதான். அது அவனுக்கே தெரியும். அதனால்தான் அதை அப்படிப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

ஓர் இலையுதிர்காலத்தில் அப்பாவின் ரைஃபிளைப் படகுப் பெட்டியில் போட்டவன் அங்கேயே மறந்துவிட்டான். உப்புத் தண்ணீர் ஊறின சாக்குக்கு அடியில் அது மழைக்காலம் பூராவும் கிடந்தது. எடுத்தபோது குழலுக்குள்ளே துரு பொரிந்து போயிருந்தது. யாக்கோவ் ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைத்து வைத்த ரைஃபிள். ஸகார் அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஊரில் வேறு மாதிரி சொன்னான்.

"அப்பா காலத்து ரைஃபிளுக்கு இப்ப இருக்கிற கரடி அடங்காது. அதான் மாத்தப் போறேன்."

துப்பாக்கி தேர்ந்தெடுக்கிற வேலையிலேயே அந்தக் குளிர்காலம் போயிற்று. பெரிய ஊர்க் கடைகளிலிருந்து படம் போட்ட புத்தகங்கள் தபால் விமானத்தில் வந்தன. அக்கெலினா ரொட்டி மாவு பிசைகிற மேஜையில் அவற்றை விரித்து வைத்துக்கொள்வான். எது கனம், எது நீளம், எதைப் பார்த்தால் மாக்ஸிம் வாயைப் பிளப்பான் என்பதுதான் அவன் யோசனை. எதை வைத்து அவனால் ஒரு பலகையை அடிக்க முடியும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

கோயில் மூப்பர் நிக்கிஃபோர் நல்ல மனுஷர். அவர்கூட ஒரு நாள் பான்யாவில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, கையில அடங்குறதா ஒண்ணு வாங்கு. நாலு தடவை சுட்டுப் பழகு. அது போதும்."

"அண்ணே, நீங்க மெழுகுவர்த்தி வாங்குறப்ப நான் வந்து யோசனை சொல்றேனா?"

நிக்கிஃபோர் கல்மேல் இன்னொரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். ஆவி எழும்பியது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு ரிவால்வர். கைத்துப்பாக்கிகளில் இதைவிடப் பெரிய குண்டு போடுகிறது கிடையாது என்று புத்தகத்தில் போட்டிருந்ததாம். கட்டைவிரல் தடிமனுக்குத் தோட்டா. மார்பில் மாட்டிக்கொள்ளத் தோல் உறை. ஸகார் அதை மாட்டிக்கொண்டு தபால் வாங்கப் போனான், பால்மாவு வாங்கப் போனான், ஒரு ஞானஸ்நானத்துக்கும் போனான். கோயில் வாசலில் அக்கெலினா கழற்றச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான்.

அதோடும் விடவில்லை. உறையிலிருந்து சட்டென்று உருவும்போது குழல் முனையில் இருக்கிற குறிமுளை தோலில் சிக்குகிறது என்று கண்டுபிடித்தான். ஜெனரேட்டர் கொட்டகையில் அரம் இருந்தது. உட்கார்ந்து அந்த முளையைத் தரைமட்டமாகத் தேய்த்து எடுத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்கிற புத்திசாலிகள் அங்கங்கே உண்டு. கரடி கைக்கெட்டும் தூரத்தில் வரும்போது குறி எதற்கு, வேகம்தான் வேண்டும் என்பார்கள். இனிமேல் அந்தத் துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்று அதற்கே தெரியாது. ஆனால் ரொம்ப வேகமாகப் பார்க்கும்.

பழகிப் பார்க்கத்தான் ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் போனான். ஒரு தடவை சுட்டான். ரிவால்வர் கையோடு மேலே எகிறி நெற்றியில் வந்து அறைந்தது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. காது இரண்டும் கூவின. குண்டு எங்கே போயிற்று என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதற்குப் பிறகு அவன் அதைச் சுடவே இல்லை. தினமும் துடைத்தான், எண்ணெய் போட்டான், கண்ணாடி முன்னால் நின்று உருவி உருவிப் பார்த்தான். சுடமட்டும் இல்லை.

நெற்றி வீக்கத்துக்கு அக்கெலினா ஈரத்துணி வைத்தாள்.

"என்னாச்சு?"

"ஜெனரேட்டர் ரூம் கதவு. காத்துல வந்து அடிச்சிருச்சு."

அவள் குனிந்து அவன் சட்டையை மோந்து பார்த்தாள். "ஏய்யா, அந்தக் கதவுல வெடிமருந்து வாசம் வேற வருதா?"

துணி கண்ணை மறைத்திருந்தது அவனுக்கு வசதியாயிற்று.

கோடை வந்தது. கல்லறை நாளுக்கு முந்தின ஞாயிறு, வழிபாடு முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நின்றிருந்தபோது நிக்கிஃபோர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எதிர்க்கரையில இந்த வருஷம் கரடித் தடம் நிறைய இருக்குன்னு படகுக்காரங்க சொல்றாங்க. வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாம் வர்றாங்க. அதனால காவல் நிக்கிறவங்க யாரா இருந்தாலும் கடற்கரையில ஒரு வாளி மூடியை வெச்சுச் சுட்டுக் காட்டட்டும். எல்லாருக்கும் ஒரு நிம்மதிக்குத்தான்."

மார்ஃபா ஓரடி முன்னால் வந்தாள். ஸகாரின் செத்துப்போன அண்ணன் மகள். இரண்டு பிள்ளை பெற்றவள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். "நானும் நிக்கிறேன். புருஷனோட பன்னிரண்டு போர் இருக்கு. போன மாசம் பூரா சுட்டுப் பழகியிருக்கேன்."

ஸகாரின் காது சிவந்தது. ஊர் முன்னால் மூடியைச் சுடவேண்டும் என்றதும் மணிக்கட்டு தானாக வலித்தது. மூடியில் படாவிட்டால் காவல் இவளுக்குப் போய்விடும். அப்புறம் அவன் யார்?

"வாத்துக் குழாயா?" என்று சிரித்தான். "ஏம்மா, கரடி றெக்கை கட்டிக்கிட்டு வந்தா உன்னைக் கூப்பிடுறோம்."

"வந்தா கூப்பிடு சித்தப்பா. ஆனா இப்ப அந்த மூடியை அடிச்சுக் காட்டு. நான் ஒதுங்கிக்கிறேன்."

ஸகார் அவளை விட்டுவிட்டு நிக்கிஃபோரிடம் திரும்பினான். குரலை உடைத்துக்கொண்டான், அதில் அவன் கெட்டிக்காரன்.

"அண்ணே, யாக்கோவ் லாரியோனாஃப் மகனுக்கே சோதனையா? எங்கப்பா அந்த மேட்டுலதான் படுத்திருக்காரு. அவர் கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, உன் மகனை வாளி மூடி வெச்சுச் சோதிச்சோம்னு."

கூட்டம் தரையைப் பார்த்தது. நிக்கிஃபோர் யாக்கோவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். "சரி தம்பி, இந்த வருஷம் நீயே நில்லு. மார்ஃபாவும் கூட வரட்டும்" என்று விட்டுவிட்டார். செத்த தகப்பனை எடுத்துக் கேடயமாகப் பிடிக்கிறவனிடம் நல்லவர்கள் எப்போதும் தோற்றுத்தான் போகிறார்கள்.

கல்லறை நாளன்று தூறல். படகில் அலைத்தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது. ஸகார் மார்பு உறையில் ரிவால்வரை மாட்டி, அதற்குமேல் மழைக்கோட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, அதற்கும்மேல் மிதவைச் சட்டையைப் போட்டு மூன்று பூட்டையும் பூட்டிக்கொண்டான். உப்புத்தண்ணீர் பட்டு ஒரு துப்பாக்கி போன பயம் அவனுக்கு. படகில் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். கரையில் இறங்கியதும் முதல் வேலையாகத் துப்பாக்கியை வெளியே மாட்டிக்கொள்வார்கள்.

இறங்கியதும் அக்கெலினா சொன்னாள், "அதை வெளிய எடுத்து மாட்டு."

"மழை நிக்கட்டும். நனைஞ்சா கெட்டுரும்."

"கரடி மழை நிக்கிறவரைக்கும் காத்திருக்குமா?"

"எனக்கே சொல்லித்தர்றியா? இது எம்புட்டு வேகமா வெளிய வரும்னு உனக்குத் தெரியாது. அதுக்குன்னே அரம் போட்டு வெச்சிருக்கேன்."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ஃபா துப்பாக்கியில் தோட்டா ஏற்றி, ஓடைப் பக்கம் போய் நின்றாள். அவளிடம் யாரும் போய் நில் என்று சொல்லவில்லை. ஸகார் வழக்கம்போலப் பெட்டியைப் போட்டான். சாப்பாட்டுக் கூடைகள் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. அன்றைக்கு அக்கெலினா பெரோக் செய்திருந்தாள். சால்மன் மீனும் சோறும் முட்டைக்கோஸும் அடைத்துச் சுட்ட பெரிய அப்பம், அகலத் தட்டில், துணி போட்டு மூடியிருந்தது. ஸகார் அதைத் திறந்து ஒரு மூலையை வெட்டி எடுத்துக்கொண்டான். மூடவில்லை. சூடான மீன் வாசம் தூறலோடு சேர்ந்து புல்லுக்குள் இறங்கிப் போயிற்று.

மேட்டில் புஷ்கியை வெட்டி முடித்தார்கள். மூன்று குறுக்குக்கட்டை வைத்த எங்கள் சிலுவைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. யாக்கோவின் சிலுவையை அக்கெலினாவே துடைத்தாள். மழைக்கு நடுவே ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வெள்ளை அடித்தாள். மாமனார்மேல் அவளுக்கு மரியாதை. பிறகு எல்லாரும் கூடி நிற்க, நிக்கிஃபோர் பெயர்களை வாசித்தார். 'நித்திய நினைவு' பாட ஆரம்பித்தார்கள்.

காவல்காரன் வாயில் பெரோக்கோடு பெட்டியில் உட்கார்ந்திருந்தான். ஓடைப்பக்கம் மார்ஃபா இருக்கிறாளே, அது போதும் என்று அவன் மனசுக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அவளை இன்னும் வெறுத்தான்.

கரடி ஓடைப்பக்கமாக வரவில்லை. அவனுக்குப் பின்னால், வெட்டாமல் விட்ட புல்லிலிருந்து வந்தது. தாய் துரத்திவிட்ட இளங்கரடி. மெலிந்து, காது மட்டும் பெரிதாக இருந்தது. அதற்கு மனுஷர் வேண்டியிருக்கவில்லை. தட்டுதான் வேண்டியிருந்தது. ஸகார் திரும்பியபோது அதன் மூக்கு தார்ப்பாய்க்குக் கீழே நுழைந்துவிட்டது.

அவன் எழுந்தான். கண்ணாடி முன்னால் பழகினபடியே கை மார்புக்குப் போயிற்று. அங்கே மிதவைச் சட்டை இருந்தது.

ஒரு பூட்டைப் பிடுங்கினான். இன்னொன்று வரவில்லை. ஜிப்பை இழுத்தான், அது பாதியில் துணியைக் கடித்துக்கொண்டது. கையைக் கழுத்து வழியாக உள்ளே விட்டுத் துழாவினான். அவன் மூச்சு நாய் இரைக்கிற மாதிரி இரைத்தது. பாட்டு நின்றுவிட்டது. யாரோ பிள்ளைகளை வாரி இழுத்தார்கள்.

மார்ஃபா ஓடைப் பக்கமிருந்து ஓடிவந்தாள். துப்பாக்கி தோளில் இருந்தது. ஆனால் அவளுக்கும் கரடிக்கும் நடுவில் ஸகார் நின்றான்.

"சித்தப்பா, உக்காரு! கீழ உக்காரு! நான் பாத்துக்கிறேன்!"

அவன் உட்காரவில்லை. ஊர் முன்னால், அண்ணன் மகள் சொல்லி, வாத்துக் குழாய்க்கு வழிவிட்டு உட்காருவதா? ரிவால்வர் ஒரு வழியாக வெளியே வந்தது, மழைக்கோட்டின் தொப்பிக் கயிறு அதில் சுற்றிக்கொண்டிருந்தது. பயத்தில் பின்னுக்குப் போனவன் கரடியைச் சுற்றித் திரும்பியிருந்தான். இப்போது அவன் குழல் முன்னால் கரடி, கரடிக்குப் பின்னால் மேடு, மேட்டில் ஊர் முழுக்க. கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுத்தான்.

மலை இடிந்த மாதிரி சத்தம். கரடி தட்டை உருட்டிவிட்டு, வாயில் அகப்பட்ட துணியோடு ஓடை வழியாகப் பாய்ந்தது. மார்ஃபா தடத்தைவிட்டு ஓரமாய் விலகி நின்று குழலால் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அது போகிறது என்று தெரிந்ததும் சுடவில்லை. புல் அசைந்தது, அப்புறம் அசையவில்லை.

"பாத்தீங்களா!" ஸகார் கத்தினான். நெற்றியில் ரத்தம் வழிந்தது. துப்பாக்கி மறுபடியும் வந்து அறைந்திருந்தது. "ஓடுச்சு பாத்தீங்களா! ஒரே வெடி!"

அவனை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அக்கெலினாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாக்கோவின் கல்லறைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, அப்போதுதான் வெள்ளை அடித்த சிலுவையின் நடுக்கட்டை இல்லை. குண்டு அதைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அவள் தலைத்துணியில் வெள்ளைச் சிராய்கள் ஒட்டியிருந்தன.

மார்ஃபா ஓடிப்போய் அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சித்தி, எங்கயாவது பட்டுச்சா? பேசு சித்தி."

"ஒண்ணும் படல." அக்கெலினா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். மேட்டிலிருந்து இறங்கி வந்து கணவன் முன்னால் நின்றாள். நாங்கள் எல்லாம் கத்துவாள் என்று நினைத்தோம். "அந்தச் சாமானைக் கீழ வை. உங்கப்பா முன்னாடி நிக்கிறே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஸகார் கீழே வைத்தான். நிக்கிஃபோர் வந்து அதைக் கையால் தொடாமல் ஒரு மீன் சாக்கில் கட்டையால் தள்ளி எடுத்துக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து பாட்டை முடித்தார்கள். பெரோக் மண்ணில் கிடந்தது. வேறு கூடையில் இருந்த உலர்ந்த மீனைச் சாப்பிட்டுவிட்டுப் படகேறினார்கள். கடைசி ஆள் ஏறும்வரை மார்ஃபா கரையில் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கெலினா தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். விரல் நீளத்துக்கு ஒரு சிராய் விழுந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பூச்சு, மறுபக்கம் வெறும் மரம். அதை எடுத்துக்கொண்டு போய், கிழக்கு மூலையில் திருப்படங்கள் வைத்திருக்கிற பலகையில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அடுப்பை மூட்டப் போய்விட்டாள்.

ஸகார் அந்தச் சிராயை எடுத்துவிடுவான் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கலாம். அவன் எடுக்கவில்லை. எடுக்கத் தைரியம் இல்லை. காலையிலும் மாலையிலும் படங்களுக்கு முன்னால் நின்று கை கூப்பும்போது அது அவன் கண்ணில் பட்டது. வேறு பக்கம் பார்த்து ஜெபம் சொல்லப் பழகிக்கொண்டான். மனுஷன் எதற்கும் பழகிக்கொள்கிறான். கடவுள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்பாவுக்கு ஒரு புதுச் சிலுவை மட்டும் செய்தான். நன்றாகவே செய்தான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் செய்கிறபோதே பான்யாவில் கதையும் ஓடியது. கரடி ஓடினதா இல்லையா? ஓடியது. யார் சத்தத்துக்கு ஓடியது? "அந்தப் பொண்ணோட வாத்துக் குழாய் வெடிச்சுதா? வெடிக்கவே இல்லையே!" என்று கேட்டான். மாக்ஸிம் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்து வெளியே போய்விட்டான். ஒவ்வொருவராகப் போனார்கள். ஆவி அடங்கினபோது ஸகார் மட்டும் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த கல்லறை நாளுக்கு நிக்கிஃபோர் வாளி மூடியை வைத்தார். மார்ஃபா சுட்டாள். மூடி தண்ணீரில் போய் விழுந்தது. ஸகார் அந்த நேரம் ஜெனரேட்டரில் அவசர வேலை இருக்கிறதென்று போயிருந்தான்.

எதிர்க்கரைக்கு அவனும் வந்தான். கையில் அரிவாள் கொடுத்தார்கள். புஷ்கியின் பால் பட்டு வெயிலில் முன்கை கொப்பளித்துவிட்டது. எல்லாருக்கும் கொப்பளித்தது, ஆனால் அவன் மட்டும்தான் சொல்லிக்கொண்டே இருந்தான். பாட்டு முடிந்து சாப்பாடு பிரித்தபோது என்ன தோன்றியதோ, ஒரு துண்டுப் பெரோக்கை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போனான். மார்ஃபா கரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். இரண்டு கையும் துப்பாக்கியில் இருந்தன.

"இந்தாம்மா. காலையிலேருந்து நிக்கிறே."

அவள் திரும்பவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

அவன் அப்பாவும் அப்படித்தான் ஆட்டுவார். சிறுவயதில் தட்டோடு போய் எத்தனை தடவை அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறான். ஸகாருக்கு அது ஞாபகம் வந்தது, முகத்தில் தெரிந்தது. அவள் தோளில் சாய்ந்திருந்த துப்பாக்கியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

பிறகு அந்தப் பெரோக்கைத் தானே தின்றுகொண்டு கூடைகள் இருக்கிற இடத்துக்கு நடந்தான்.